கொடுக்கப்படாத குரல்

சீருடை தைக்கும் அந்தத் தொழிற்கூடத்தின் வெட்டும் அறைக்கு விதி ஒன்றே ஒன்றுதான். தொண்ணூறு அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் அறுக்கும் மின்கத்தியை ஓடவிடுமுன், கட்டிங் மாஸ்டர் உரத்த குரலில் "கை" என்று கூவ வேண்டும். துணியின் விளிம்பைப் பிடித்திருப்பவர் இரு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்தி, "எடுத்தாச்சு" என்று மறுமொழி கூற வேண்டும். அம்மறுமொழி காதில் விழுந்த பின்னரே மாஸ்டரின் விரல் பொத்தானைத் தொடலாம். இந்த விதியைக் கடைப்பிடிக்கப் பட்டமோ பயிற்சியோ தேவையில்லை. திறந்து மூட ஒரு வாய் இருந்தால் போதும்.

தம்பி அந்த வாயைத் திறக்கவில்லை. அக்காளின் வலக்கையிலிருந்து ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று, அவனுக்கு முப்பத்தாறு. பதினான்கு ஆண்டுகள் பழைய மாஸ்டரின் மேஜையில் துணி விரித்து, விளிம்பு பிடித்து, வெட்டவும் கற்றவள் அவள். தமக்குப் பின் அந்த மேஜைக்கு உரியவள் அவளே என்று பழைய மாஸ்டர் முதலாளியிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். அன்று அவர் விடுப்பில் இருந்தமையால், அவளை இரண்டாம் மேஜைக்கு, தம்பி வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். காலை பதினொரு மணி. முதல் இரண்டு வெட்டுக்கும் அவள் மறுகோடியில் துணிச்சுருளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மூன்றாவதற்குத்தான் விளிம்பைப் பிடித்தாள். குரல் வரும், கையை எடுப்போம் என்று காத்து நின்றாள். குரல் வரவில்லை; கத்தி வந்தது.

வேலைக்கு வருமுன் ஜெனரேட்டர் கொட்டகையின் பின்புறத்தில் அவன் இரண்டு கஞ்சாச் சுருள்களைப் புகைத்திருந்தான். அது அவனுடைய பன்னிரண்டாண்டு வழக்கம். "வெறும் தழைதானே, சாராயமா குடிக்கிறேன்?" என்பது அவன் வாதம். சாராயம் குடித்தவன் தள்ளாடுவான், நாறுவான், ஊருக்குத் தெரியும். இவன் தள்ளாடவில்லை, கோடு பிசகாமல் வெட்டினான். அவனுக்குள் பிசகியிருந்தது வேறொன்று. மனத்துக்குள் சொல்லிக்கொண்டதற்கும் வாயால் சொன்னதற்கும் இடையில் இருக்க வேண்டிய சுவர் அவனுக்குள் இடிந்து கிடந்தது.

அவள் மருத்துவமனையில் இருந்தபோது பாதுகாப்பு அலுவலர் வந்து விசாரித்தார். தான் "கை" என்று கூவியதாகவும், அக்காள் "எடுத்தாச்சு" என்று பதில் சொன்னதாகவும், பிறகு எதையோ சரிசெய்ய மீண்டும் கையை நீட்டியதாகவும் தம்பி கூறினான். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அவனுக்கு இல்லை. விபத்துப் பதிவேட்டில் ஏறிய வரி இது: "எச்சரிக்கைக் குரல் முறைப்படி கொடுக்கப்பட்டது, தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்." மூன்று மாதம் கழித்துப் பழைய மாஸ்டர் ஓய்வு பெற்றார். தம்பி தலைமை மாஸ்டர் ஆனான். கவனக்குறைவானவள் என்று எழுதப்பட்டவளை வெட்டும் அறைக்குள் விடுவது தவறு என்று சொல்லி, முதலாளி அவளைப் பொத்தான் எண்ணும் மேஜைக்கு மாற்றினார்.

தேவைப்படும்போது தம்பியின் மேஜையில் துணி பிடித்து, மற்ற நேரம் பிசிர் வெட்டும் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். காலை எட்டு மணிக்குப் பேசத் தொடங்கினால் மாலை வரை நிறுத்தாதவள். ஆகவே எல்லாருக்கும் அவள் ரேடியோ. எஞ்சிய விரல்களை எண்ணி, அக்காளுக்கு "எட்டு" என்று பெயர் வைத்தவள் அவள்தான். வயதில் இளையவர்கள் மரியாதை குறையக் கூடாது என்பதற்காக "எட்டக்கா" என்றார்கள்.

கட்டு அவிழ்த்த வாரத்தில் அக்காள் வீட்டில் தம்பியின் முன்னே போய் நின்று அந்தக் கையை நீட்டினாள். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"நீ கூப்பிடலடா" என்றாள்.

"கூப்பிட்டேன்க்கா. நீதான் கேக்கல" என்று அவன் புன்னகை செய்தான். பிறகு, ஐந்து நிமிடம்கூட ஆகியிராது, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் போனான்.

அந்தப் புன்னகையை அவள் மன்னிக்கவில்லை. விரல்களை வேண்டுமானால் மன்னித்திருப்பாள். அழுது பார்த்தாள், வைது பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். எதுவும் அவனைத் தொடவில்லை. அறைய வேண்டுமென்றால் எதிரில் ஒரு கன்னம் இருக்க வேண்டும். புகையை எவராலும் அறைய இயலாது. அவன் தெளிந்த தலையோடு, தன் வாயால், எல்லார் முன்னிலையிலும், "நான் கூப்பிடவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் அவனுக்கே உறைக்க வேண்டும். அதற்கு முதலில் அவனுக்குத் தலை தெளிய வேண்டும். இரண்டு ஆண்டுகள் அவள் இந்த ஒன்றுக்காகவே காத்திருந்தாள்.

வாய்ப்பைக் கொண்டுவந்தவனும் தம்பியே. ஒரு நாள் வெட்டும் கோடுகள் வரைந்த அச்சுத்தாளைத் தலைகீழாக விரித்து, தொண்ணூறு அடுக்குக் கால்சட்டைத் துணியை வெட்டித் தள்ளினான். தைக்கும் பெண்கள் எடுத்துப் பார்த்தபோது எல்லாமே இடக்கால். அத்தனை ஒற்றைக்கால் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று ரேடியோ நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெட்டுக்காரர் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் முதலாளி அவனை விரட்டவில்லை. ஆறு வாரம் விடுப்பு, சிகிச்சை, மருத்துவரின் சீட்டு; இல்லையேல் வெளியே என்றார். பழைய மாஸ்டரைத் தற்காலிகமாகத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

போதை மீட்புச் சிகிச்சையகத்தில், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். தம்பியின் மனைவி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்தகம் போய்விட்டாள். கணவனை இழந்து தம்பியோடு அதே இரண்டறை வீட்டில் இருந்த அக்காள், முன்னால் வந்து இடக்கையால் கையெழுத்திட்டாள். இடக்கையால் எழுத அவள் பழகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். இதற்கென்று மாயமாத்திரை எதுவும் கிடையாது. முதல் பத்து நாள் கடுமையாக இருக்கும்: எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை, தூங்கினால் கோரமான கனவுகள். தூக்கத்துக்குச் சில நாள் மட்டும் மருந்து தருவோம்; மற்றபடி பேச்சும், பழக்கமும், வீட்டாரின் காவலும்தான் வைத்தியம். அக்காள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தலை எப்போ டாக்டர் தெளியும்?"

"கொஞ்சம் கொஞ்சமா தெளியும்மா. ஒரு மாசத்துல நல்லாவே வித்தியாசம் தெரியும்."

இப்படி ஒரு அக்காள் கிடைக்க அவன் கொடுத்து வைத்தவன் என்று டாக்டரம்மா பக்கத்திலிருந்த செவிலியிடம் சொன்னார்.

ஒரு அட்டை கொடுத்தார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை வேளை சாப்பிட்டான், கோபம் எவ்வளவு, புகைக்கும் ஆசை பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நாள்தோறும் குறிக்க வேண்டும். உடனிருப்பவர் கருத்து என்று கடைசியில் ஒரு பத்தியும் இருந்தது. அந்தப் பத்தி நீங்கலாக மற்றவற்றை அவள் ஒரு நாள் தவறாமல் நிரப்பினாள்.

இரண்டாம் நாள் அவன் மூன்று சட்டை மாற்றினான். மூன்றும் பிழியப் பிழிய நனைந்திருந்தன. மூன்றாம் நாள், அவள் தேநீரில் சர்க்கரை கலக்கிய கரண்டியின் ஒலி மண்டைக்குள் ஆணி அடிக்கிறது என்று சொல்லித் தட்டைச் சுவரில் எறிந்தான். நான்காம் நாள் கெஞ்சினான். ஒரே ஒரு இழுப்பு, பாதிச் சுருள், வேண்டுமானால் நீயே பற்றவைத்துக் கொடு என்றான். அவள் கதவின் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன, என்னை அடைச்சு வச்சு வேடிக்கை பாக்குற" என்றான்.

"ஆமா" என்றாள்.

அவள் கேலி செய்வதாக எண்ணி அவன் சிரித்துவிட்டான். முதல் எட்டு நாளில் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான். அது கேலி அன்று.

ஒன்பதாம் நாள் பிற்பகல் அவன் கைப்பேசி ஒலித்தது. எடுத்தவள் அக்காள். எதிர்முனையில் இருந்தவன் கஞ்சா விற்கும் சரக்குக்காரன். மாஸ்டர் ஏன் வரவில்லை, உடம்புக்கு முடியவில்லையா என்று உறவினரைப் போலக் கனிவாக விசாரித்தான். மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, நீயே தெருமுனைக்கு வா என்று அவள் அழைத்தாள். அவன் ஸ்கூட்டரில் வந்தான். அவள் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துப்போய், வண்டியின் பின்புறம் நின்று, இடக்கையால் ஒவ்வோர் எழுத்தாக வண்டி எண்ணை எழுதத் தொடங்கினாள். என்ன செய்கிறாய் என்று அவன் பதறினான். இடக்கை எழுத்து மெதுவாகத்தான் வரும், கொஞ்சம் பொறு என்று சொல்லி, காகிதம் பறக்காமலிருக்க மூன்று விரல் உள்ள வலக்கையை அவன் இருக்கையின் மேல் ஊன்றினாள். அந்தக் கையை அவன் ஒரு முறை பார்த்தான். அதன் பின் அந்தத் தெருவுக்கு அவன் வரவில்லை.

இரண்டாம் வாரம் முதல் கனவுகள் வந்தன. விழித்ததும் அவன் முகம் வெளிறிக் கிடக்கும். அவள் தேநீரோடு அருகில் அமர்ந்து, என்ன கனவு என்று கேட்பாள். முடிவே இல்லாத துணி, வெட்ட வெட்ட நீளும் மேஜை, அப்பாவின் செருப்பு, பல் விழுவது என்று எவ்வளவோ சொன்னான். விரல் மட்டும் எந்தக் கனவிலும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் அதற்காகவே கேட்டாள். ஒவ்வொரு காலையும் ஏமாந்தாள். கனவைக் கேட்டறிவது நல்ல முறை என்று சிகிச்சையகத்து ஆலோசகர் பாராட்டினார். அவர் முன்பு தாமே இந்தப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். இப்போது வாரந்தோறும் தம்பியிடம் ஒரு மணி நேரம் பேசுபவர்.

மூன்றாம் வாரம் சிறுநீர்ச் சோதனை. சோதனைப் பட்டை, கஞ்சா உண்டு என்று காட்டியது. அக்காள் வீட்டுக்கு வந்ததும் மெத்தையைக் கிழித்தாள், செருப்பின் உள்தோலைப் பெயர்த்தாள், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்று அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பத்தொம்பது நாளா தொடலக்கா. சத்தியமா தொடல. நடந்ததைத்தான் சொல்றேன், நீயே நம்பலேன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவன் தரையில் உட்கார்ந்து, சிறு பிள்ளையைப் போல முழங்காலில் முகம் புதைத்து அழுதான். அவள் சட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் நெஞ்சுக்குள் இனிப்பான ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. அதை அவள் மறைக்கவுமில்லை.

"நல்லா இருக்கா? நடந்ததைச் சொல்லி ஒருத்தரும் நம்பாம இருந்தா எப்படி இருக்கும்னு நான் ரெண்டு வருஷமா பாத்துட்டேன். இப்ப நீ பாரு."

அவன் அழுகையை நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவள் எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஏன் சொல்கிறாள் என்பது புரியவில்லை. நான்தான் கூப்பிட்டேனே என்ற எண்ணம் அவன் கண்களில் இன்னும் அப்படியே இருந்தது. மறுநாள் டாக்டரம்மா விளக்கினார். பல ஆண்டுகள் புகைத்தவரின் உடற்கொழுப்பில் அந்த நஞ்சு தங்கி, ஒரு மாதம்கூடச் சொட்டுச் சொட்டாக வெளியேறும், அவன் ஏமாற்றவில்லை. அக்காள் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் பட்டை தெளிந்தது. அவனும் தெளிந்தான். பசித்துச் சாப்பிட்டான், செய்தித்தாளை இறுதிவரை படித்தான், அக்காளுக்கு நரை விழுந்திருப்பதை முதன்முறையாகக் கவனித்து, எப்போதிருந்து என்று கேட்டான். இனி வந்துவிடும் என்று அவள் எண்ணினாள். அன்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், போதையில் நடந்தவை எல்லாம் இனி அவனுக்கு நினைவு வருமல்லவா என்று வினவினாள்.

வராது என்றார் டாக்டரம்மா. பதிவாகாதது திரும்பாது. பூட்டிய அறையைத் திறந்து தேடலாம். கட்டப்படாத அறையை எங்கே போய்த் தேடுவது என்று ஆறுதலாகவே கேட்டார். மறப்பதும் ஒரு வகையில் நல்லதுதானே அம்மா என்றும் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் அவள் கணக்குப் பார்த்தாள். முப்பத்தைந்து நாள் சட்டை பிழிந்தது, தட்டுப் பொறுக்கியது, கதவில் காவல் இருந்தது, எல்லாம் இதற்குத்தானா? அவன் ஜன்னலோரத்தில் அமர்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தான். நலமாக இருந்தான். அவனை நலமாக்கியவள் அவளே. அட்டையைக் கிழித்து வெளியே வீசிவிடலாமா என்று கைப்பையைத் திறந்தவள், கண்டக்டர் சீட்டுக் கேட்டதால் மூடினாள்.

விடுப்பு முடிந்து தம்பி வேலைக்குத் திரும்பினான்; பழைய மாஸ்டர் மறுபடி ஓய்வுக்குப் போனார். முதல் நாள் காலையிலிருந்தே பழைய மாஸ்டரைப் போல ஒவ்வொரு வெட்டுக்கும் "கை" என்று கூவினான். துணி பிடித்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் ஆலோசகர் அவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். போதையில் இருந்த காலத்தைப் பற்றி உறுதியாக நம்புகிற ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்; அன்று உடனிருந்த ஒருவரிடம் போய், அது அப்படித்தான் நடந்ததா என்று கேள்; பதிலுக்கு வாதாடாதே, கேட்டுவிட்டு வா. எல்லாருக்கும் கொடுக்கும் பயிற்சிதான். பலர் மனைவியிடம் கேட்டு, முகம் தொங்கித் திரும்புவார்கள். தம்பி தனக்கு மிகவும் உறுதியாகத் தெரிந்த ஒன்றையே தேர்ந்தெடுத்தான். தோற்க முடியாத கேள்வி அது என்பது அவன் கணக்கு.

சனிக்கிழமை உணவு இடைவேளையில் ரேடியோவிடம் போய்க் கேட்டான்.

ஞாயிறு முற்பகல் அக்காள் கொல்லைப்புறக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவன் வந்து படியில் அமர்ந்தான். இரண்டு முறை வாய் திறந்து மூடினான்.

"அக்கா. அன்னிக்கு நான் கூப்பிடல."

அவள் கையிலிருந்த சட்டை நீரில் நழுவியது. "ஞாபகம் வந்துடுச்சா?"

"இல்ல. அது வராதாம். ரேடியோ சொன்னா. அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கு முன்னால ஒரு வருஷமா நான் வாயே திறக்கலயாம். மெஷினைப் போடறதுக்கு முன்னாடி எனக்கு இடது தோள் லேசா ஏறுமாம். என் மேஜையில எல்லாரும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் கையை எடுப்பாங்களாம். உனக்குத்தான் அது தெரியாது. நீ பழைய மாஸ்டர் மேஜையிலிருந்து வந்தவ. குரல் வரும்னு நின்னுட்ட."

அவன் கூவவில்லை என்பது இரண்டு ஆண்டுகளாக அவளுக்குத் தெரியும். மற்ற எல்லாருக்கும் அது தெரிந்தே இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. விதியைப் புறக்கணித்தவனுக்குக் காயமில்லை. அதற்கு உடந்தையாகத் தோளைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் காயமில்லை. அந்த அறையில் விதிப்படி நின்ற ஒரே ஒருத்திக்குத்தான் விரல் போயிற்று, கவனக்குறைவானவள் என்ற பெயரும் வந்தது. அவளைப் பார்த்து "எட்டு" என்று கூப்பிட்ட அத்தனை வாய்களும் இதை அறிந்தே மூடிக்கிடந்தன.

"மன்னிச்சிடுக்கா" என்றான்.

அவள் சட்டையை எடுத்துப் பிழிந்தாள். நாளை காலை எட்டு மணிக்கு, இயந்திரங்கள் ஓடுமுன், முதலாளி முன்னிலையில், எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும் என்றாள். அவன் மூன்று மாதம் தவணை கேட்டான். கால் ஊன்றி நிற்கட்டும், பிறகு கட்டாயம் சொல்கிறேன் என்றான். அவள் கைப்பேசியை அவனிடம் நீட்டி, உன் ஆலோசகரையே கேள் என்றாள். பேசிய ஆலோசகர், சற்று நேரத்தில் அக்காளிடம் கொடுக்கச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லட்டும்மா, வேண்டாம்னு சொல்லல. ஆனா இப்ப வேண்டாம். வேலை போச்சுன்னா அவன் கை நேரா பழைய இடத்துக்குத்தான் போகும்."

"என் கை எங்க போகும் சார்?" என்றாள்.

அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

திங்கட்கிழமை அலுவலக அலமாரியிலிருந்து விபத்துப் பதிவேட்டை அவளே எடுத்துவந்து முதல் மேஜையின் மேல் வைத்தாள். நாற்பது பேரும் கூடினார்கள். என்ன விசேஷம், யாருக்காவது பிறந்தநாளா என்று ரேடியோ கேட்டாள். தம்பி மேஜையின் அருகே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான். நிமிர்ந்து சொல் என்றாள் அக்காள். அவன் நிமிர்ந்தான்.

"அன்னிக்கு நான் 'கை'ன்னு கூப்பிடல. கஞ்சா அடிச்சிருந்தேன். விசாரணையில கூப்பிட்டேன்னு சொன்னது பொய். பொய்னு எனக்கே தெரியாம சொன்னேன். ஆனா பொய்தான். அக்கா மேல தப்பு இல்ல."

வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், வேலை நேரம் போகிறது என்றார் முதலாளி. அக்காள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ரேடியோவைப் பார்த்து, நீ சொல் என்றாள். ரேடியோ முந்தானையை முறுக்கினாள், அணைந்தே போனாள். பிறகு, தோளைப் பார்த்துத்தான் கையை எடுப்போம் சார், நான் மட்டும் இல்லை, எல்லாரும்தான் என்று முணுமுணுத்தாள். அக்காள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த முகமும் அவளை எதிர்கொள்ளவில்லை. அவசரப்படாமல், ஒன்றையும் விட்டுவிடாமல், நாற்பதையும் பார்த்தாள்.

அதன் பின் பதிவேட்டை முதலாளியின் முன் தள்ளினாள். அவர் பழைய வரியை அடித்து, குரல் கொடுக்கப்படவில்லை, தொழிலாளியின் மீது தவறில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு தம்பியை நோக்கி வாசலைக் காட்டினார்.

"அவன் இருக்கட்டும் சார். எனக்குத் துணி பிடிக்க ஆள் வேணும்" என்றாள் அக்காள்.

"உனக்கா?"

"பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்தான் இருக்கு. வேற யார் வெட்டப் போறா?"

பழைய மாஸ்டர் வந்திருந்த அந்த ஆறு வாரத்தில், தம்பிக்குக் காவலிருக்க எடுத்த முதல் பத்து நாள் விடுப்பு முடிந்து அவள் வேலைக்கு வந்ததிலிருந்து, உணவு இடைவேளைகளில் அவர் மேஜையில் கழிவுத்துணியை அடுக்கி அவள் இடக்கையால் வெட்டிப் பழகியிருந்தாள். அவர் அதை முதலாளியிடம் சொல்லியும் இருந்தார். வேறு வழியும் இருக்கவில்லை. எவ்வளவு பெரிய மனம், தம்பியின் வேலையைக் காப்பாற்றிவிட்டாளே என்று பெண்கள் வியந்தார்கள். "எட்டு" என்ற பெயர் அன்று நண்பகலுக்குள் மறைந்து, "மாஸ்டரக்கா" ஆயிற்று. அவள் எதையும் மறுக்கவில்லை, விளக்கவும் இல்லை.

அவன் விளிம்பைப் பிடித்தான். அவள் கத்தியின் பின்னால் நின்று, "கை" என்றாள். பக்கத்துக் கட்டடத்தில் இரும்பு அடிப்பவர்கள் கைவேலையை நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு அந்தக் குரல் இருந்தது. அவன் கைகள் பறந்து மேலே போயின. "எடுத்தாச்சு" என்றான். அவள் உடனே பொத்தானை அழுத்தவில்லை. உயர்த்திய பத்து விரல்களையும் சற்று நேரம் பார்த்துவிட்டு அழுத்தினாள். அன்று நூற்று நாற்பது வெட்டு. நூற்று நாற்பது முறை கூவினாள். பிற்பகலுக்குள், பதில் சொல்லிச் சொல்லி, அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. விதியில் எந்த இடத்திலும் குரலின் அளவு குறிக்கப்படவில்லை.

மாலையில் அவன் உடல் நடுங்கும். ஆசை எட்டு, ஆசை ஒன்பது என்று அட்டையில் எண்கள் மறுபடியும் ஏறின. அவள் அவனைத் தனியே விடவில்லை. வேலையிலிருந்து உடன் நடந்தாள்; உடன் உண்டாள்; அந்த ஆசை அடங்கும் வரை எதிரில் அமர்ந்து பொத்தான் தைத்தாள். ஒரே ஓர் இழுப்பு போதும், அவன் மீண்டும் புகைக்குள் போய்விடுவான். அப்புறம் அவள் எத்தனை முறை கூவினாலும் புன்னகை செய்வான். தப்பிப்பதற்கு அவனுக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான். அந்த வாசலில்தான் அவள் நாற்காலி போட்டிருந்தாள்.

அவள் குரலைக் கேட்கும்போதுதான் ஆசை தாங்க முடியாமல் எழுகிறது என்று பத்தாம் வாரம் அவன் சிகிச்சையகத்தில் ஒப்புக்கொண்டான். கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடலாமே என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். மெதுவாகக் கூப்பிட்டால் காதில் விழாமல் போய்விடும் டாக்டர், விரல் விஷயம் என்று அக்காள் பணிவாகவே பதில் சொன்னாள். டாக்டரம்மா சோதனைப் பட்டையின் பக்கம் திரும்பினார்.

பட்டை அன்றும் தெளிவாகவே இருந்தது. இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றார்கள். அட்டையை முடித்துக் கோப்பில் வைக்க வேண்டும். உடனிருப்பவர் கருத்து மட்டும் இத்தனை வாரமும் வெறுமையாக இருக்கிறதே, இரண்டு சொல்லாவது எழுதுங்கள் என்று செவிலி பேனாவைக் கொடுத்தாள். அக்காள் சற்று யோசித்து, இடக்கையால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்: "சொன்னால் உறைக்கிறது."

டாக்டரம்மா படித்துவிட்டு, பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை என்று மகிழ்ந்தார்.

தம்பியும் எட்டிப் படித்தான். அவன் மகிழவில்லை. வெளியே வந்து, வெயிலில் பேருந்துக்கு நிற்கையில் கேட்டான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா?"

"நீ பன்னெண்டு வருஷம் இழுத்த. நான் இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன்."

அவன் தலையாட்டினான். பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னலோரத்தில் அமர்ந்தாள். அவன் அவளருகில் இடம் இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாளைக்கு எத்தனை அடுக்கு என்று கேட்டான். நூற்றிருபது என்றாள்.